மூன்றா, நான்கா?

சரவணம்பட்டியில் சத்தி ரோட்டைப் பார்த்த மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம். காலை எட்டரைக்குக் கீழே ஐடி கம்பெனி பஸ்கள் கீரணத்தம் பக்கம் திரும்பக் காத்து வரிசை கட்டி நிற்கும். மேலே நான் திரையில் ஒரு வரி விழுவதற்காகக் காத்திருப்பேன். எட்டரைதான் நாடு முழுக்க மழையை அளக்கும் நேரம். நேற்று எட்டரை முதல் இன்று எட்டரை வரை பெய்தது இன்றைய கணக்கு. கிரீன்விச் நேரப்படி அது விடியற்காலை 3 மணி. மூன்று மணிக்கொரு தடவை உலகமெங்கும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்து எழுதும் வரிசையில் நம் எட்டரையும் ஒன்று.

சற்று நேரத்தில் பீளமேடு விமான நிலையத்தின் வரி வந்துவிடும். 43321 என்று தொடங்கும். உலக வானிலைக் கணக்கில் கோயம்புத்தூருக்கு அதுதான் பெயர். அதற்குப் பின்னால் ஐந்தைந்து இலக்கமாக ஏழெட்டுக் கட்டுகள். 10284 என்று ஒரு கட்டு இருந்தால், முதல் 1 வெப்பநிலை என்று சொல்கிறது, அடுத்த 0 பூஜ்ஜியத்துக்கு மேல் என்று சொல்கிறது, மிச்சம் 28.4 டிகிரி. தந்திக் காலத்தில் ஐந்து இலக்கம் ஒரு சொல்லாகக் கணக்கானது. ஒவ்வொரு சொல்லுக்கும் காசு, அதைவிட ஒவ்வொரு சொல்லுக்கும் கம்பியில் நேரம். அந்தச் சிக்கனத்தில் பிறந்த மொழி இது. 1875-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கியபோது தந்தி இல்லாமல் அதற்கு வேலையே இல்லை. புயல் கரையேறுமுன் செய்தி கரையேற வேண்டும், அவ்வளவுதான் தேவை. 2013 ஜூலையில் நாட்டில் தந்தி சேவையே முடிந்துபோனது. ஆனால் அந்த ஐந்திலக்க மொழி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

இந்த மொழியைப் படித்துப் புது வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள் எழுதுவது என் வேலை. காற்றாலைக்காரர்களுக்கும் விவசாயச் சேவைகளுக்கும் வானிலைத் தரவு சேகரித்துத் தரும் சின்னக் குழு நாங்கள். பீளமேட்டு வரி ஒரு பக்கம். நாங்களே நட்டுவைத்த தானியங்கி மழைமானிகள் இன்னொரு பக்கம். பல்லடம், அன்னூர், புளியம்பட்டி என்று கொங்குப் பக்கம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. கோவையில் மழையை நம்பகமாக அளப்பது புதிய சங்கதி இல்லை. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் நூறாண்டுக்கும் மேலான மழைப் பதிவு இருக்கிறது. ஒன்றியத்துக்கு ஒரு தானியங்கி நிலையம் என்று மாநிலம் முழுக்க வலை விரித்ததும் அதே பல்கலைக்கழகம்தான். அப்படியும் போதவில்லை. சரவணம்பட்டியில் கொட்டும், காளப்பட்டியில் தூறும், பீளமேட்டில் வெயிலடிக்கும். இந்த ஊர் மழை அப்படி.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஐப்பசியில் நடந்தது இது. அன்னூர்ப் பக்கம் மஞ்சள் வைத்திருந்த ஒரு பெரியவர் எங்கள் குறுஞ்செய்திச் சேவையில் இருந்தார். மகனோடு கணபதியில் குடியிருக்கிறார். தோட்டத்து மோட்டாரை மொபைல் ஸ்டார்ட்டரில் இங்கிருந்தே போடுவார், நிறுத்துவார். மூன்று நாள் தொடர்ந்து எங்கள் செய்தியில் அன்னூர் மழை 0 என்று போயிருக்கிறது. அவரும் மூன்று நாளும் மோட்டார் போட்டிருக்கிறார். நாலாம் நாள் தோட்டத்துக்குப் போனவர் எங்களைக் கூப்பிட்டார்.

"தம்பி, உங்க சேதியில சைபர்னு போட்டிருந்துச்சுங்க. இங்க வந்து பாத்தா பாத்தியில கணுக்கால் தண்ணி நிக்குது. பக்கத்துத் தோட்டத்துக்காரரு ரெண்டு உழவு மழைன்னு சொல்றாருங்க."

அன்று மதியமே போனேன். தாழ்ந்த மூலையில் அரை ஏக்கரில் இலை மஞ்சளித்துச் சாய்ந்திருந்தது. அவர் குனிந்து ஒரு தூரைப் பிடித்து இழுத்தார். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. கிழங்கைக் கட்டைவிரலால் அமுக்கினார். பழுத்த வாழைப்பழம்போல உள்ளே போனது விரல். தண்ணீர் வழிந்தது. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"பெய்யலைன்னு சொல்லிப்போட்டீங்க தம்பி. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. நான் பக்கத்துல ஒரு போன் போட்டுக் கேட்டுக்குவேன்ல?"

மழைமானி நன்றாகத்தான் இருந்தது. புனலுக்கடியில் ஏற்றப்பலகை மாதிரி இரண்டு சின்னக் கிண்ணங்கள். ஒன்று 0.2 மில்லிமீட்டர் மழைக்கு நிரம்பியதும் கவிழும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு கவிழ்ப்பையும் லாகர் எண்ணி எழுதும். குளவி கூடு கட்டிப் புனல் அடைத்துப்போவது உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் கம்பம் அதிர்ந்து, மழையே இல்லாமல் கிண்ணம் தட்டுவதும் உண்டு. அன்று இரண்டும் இல்லை. மழையில் மழைமானி இருந்த பக்கம் மட்டும் கரண்ட் போய், அங்கிருந்த செல்போன் டவரின் பேட்டரியும் இறங்கி, அதன் சிம்முக்கு வழி இல்லாமல் போயிருக்கிறது. கருவி மூன்று நாளும் ஒழுங்காக எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தது. எங்கள் சர்வர், 24 மணி நேரத்தில் வந்த வரிகளையெல்லாம் கூட்டு என்ற என் கட்டளைப்படி கூட்டியது. வரி ஒன்றும் வரவில்லை. ஒன்றுமில்லாததைக் கூட்டினால் 0. கணினியைக் குறை சொல்ல வழியில்லை. அந்த வரியை எழுதியவன் நான்.

அன்றிரவு உலக வானிலை அமைப்பின் 306-ஆம் எண் குறியீட்டுக் கையேட்டை மறுபடி எடுத்தேன். நிலைய எண்ணுக்கு அடுத்த கட்டின் முதல் இலக்கத்தை அதற்கு முன் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன். மழைக் கட்டு பின்னால் வருகிறதா இல்லையா என்று சொல்லும் இலக்கம் அது. மழை பெய்திருந்தால் 1. மழை பெய்யவில்லை, அதனால் மழைக் கட்டை விட்டுவிட்டோம் என்றால் 3. மழை எவ்வளவு என்று தெரியவில்லை, அதனால் விட்டுவிட்டோம் என்றால் 4. இரண்டிலும் மழைக் கட்டு இருக்காது. இரண்டும் வேறு. ஒவ்வோர் எழுத்துக்கும் கணக்குப் பார்த்தவர்கள் இந்த வித்தியாசத்துக்கு ஓர் இலக்கத்தைச் செலவழித்திருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. நிலையமே பேசவில்லை என்றால் அதன் எண்ணைப் போட்டு 'நில்' (NIL, ஒன்றுமில்லை) என்று எழுதி அனுப்புவது அந்த வலையின் வழக்கம். செய்தி இல்லை என்பதும் ஒரு செய்தியாகவே உலகம் சுற்றும். என் புது வடிவத்தில் இந்த மூன்றும் ஒரே சைபராகிவிட்டன.

பழையதை நவீனமாக்குகிறேன் என்று இறங்குகிறவன் முதலில் செய்யவேண்டிய வேலை, பழையதை ஓர் இலக்கம் விடாமல் படிப்பது. இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு அந்த அரை ஏக்கர் காரணம்.

இன்னொன்றும் அதே கையேட்டில்தான். மழைக் கட்டில் மூன்று இலக்கம் மில்லிமீட்டர். 989 வந்தால் அதுவோ அதற்கு மேலோ. 990 என்றால்? அளக்க முடியாத தூறல். 991 என்றால் 0.1 மில்லிமீட்டர், 999 என்றால் 0.9. தெரியாதவர் 990-ஐ அப்படியே படித்தால் ஒரு பொட்டுத் தூறல் பிரளயமாகிவிடும். அப்படி வராமலிருக்க நாங்கள், 500-க்கு மேல் எது வந்தாலும் தூக்கி எறி என்று ஒரு வடிகட்டி வைத்திருந்தோம். 2023 டிசம்பர் 18 காலை காயல்பட்டினத்தில் 24 மணி நேர மழை 946 மில்லிமீட்டர் என்று செய்தி வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் பழைய குறியீட்டின் உச்சிக்கு 43 மில்லிமீட்டர்தான் பாக்கி. அது எங்கள் கருவியாக இருந்திருந்தால், வாழ்நாளிலேயே முக்கியமான அந்த அளவை என் வடிகட்டி குப்பையில் போட்டிருக்கும். அன்றே அதை எடுத்தேன். இப்போது சந்தேகமானதற்கு ஒரு கொடி வைக்கிறோம், எதையும் எறிவதில்லை.

இப்போது உலக அளவிலேயே இந்த வலையை மாற்றிக் கட்டுகிறார்கள். பழைய ஏற்பாடு டெலிபிரிண்டர் காலத்தது. 1963-ல் தொடங்கிய உலக வானிலைக் கண்காணிப்புத் திட்டத்தின் நரம்பு மண்டலம் அது. பீளமேட்டு வரி சென்னைக்குப் போய், அங்கிருந்து டெல்லி மண்டல மையத்துக்குப் போய், டெல்லியிலிருந்து டோக்கியோ, மாஸ்கோ என்று கை மாறும். யாருக்கு எதை அனுப்புவது என்று ஒவ்வொரு மையத்திலும் ஒரு பட்டியல். பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்றால் உங்களுக்கு வராது. சின்ன நாடுகளுக்கு அந்தச் சாதனங்களை வாங்கி வைத்துப் பராமரிப்பதே பெரிய சுமை.

2025-ல் நடைமுறைக்கு வந்திருக்கும் புது ஏற்பாடு, விஸ் 2.0, வேறு மாதிரி. தரவு வைத்திருப்பவர், இதோ புதியது வந்திருக்கிறது, இந்த இடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் ஒரு சின்ன அறிவிப்பு விடுவார். வேண்டியவர் அந்தத் தலைப்புக்குச் சந்தாதாரராகச் சேர்ந்துகொள்வார். அறிவிப்பைச் சுமக்கும் மொழி எம்க்யூடிடி. 1999-ல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லென் நிப்பரும் பாலைவன எண்ணெய்க் குழாய்களை, விலைமிக்க செயற்கைக்கோள் இணைப்பு வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது. அங்கேயும் அதே தந்திச் சிக்கனம்தான். திறந்த மென்பொருள் ஒன்றைச் சாதாரணக் கணினியில் நிறுவியே ஒரு நாடு தன் தரவை உலகுக்குத் தரலாம். மலாவி அப்படி முதலிலேயே முன்வந்த நாடுகளில் ஒன்று. நான் முதன்முதலாகச் சந்தா போட்ட இரவு, அறிவிப்புகள் திரையில் ஓடத் தொடங்கியதும் எழுந்து வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாத ஒருவன், சரவணம்பட்டியில் உட்கார்ந்து, பார்த்தேயிராத ஊர்களின் வெயிலையும் காற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். புது ஏற்பாட்டில் நிலையங்களின் அடையாளம் நீளம், ஆனால் கோவையின் எண் அதன் கடைசித் துண்டில் அப்படியே இருக்கிறது: 0-20000-0-43321.

அறிவிப்பு காட்டும் இடத்தில் இருக்கும் தரவு பெரும்பாலும் பஃபர் என்ற இரும வடிவம். அதிலும் நான் முதலில் தேடியது என் மூன்றையும் நான்கையும்தான். இருந்தன. ஓர் அளவுக்கு ஒதுக்கிய பிட்டுகள் எல்லாமே 1 ஆக இருந்தால் 'தெரியவில்லை' என்று பொருள். தூறலுக்கு மைனஸ் 0.1. மழை மைனஸில் எப்படிப் பெய்யும் என்று அதைப் பிழையாக நினைத்து அழித்துவிடும் ஆள் கட்டாயம் வருவார். அவருக்காகவே எங்கள் நிரலில் அந்த இடத்தில் தமிழில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

'நில்' எங்கே என்று தேடியபோது அது எம்க்யூடிடிக்குள்ளேயே கிடைத்தது. அதன் பெயர் உயில். கருவி இணைப்பில் சேரும்போதே சர்வரிடம் ஒரு வாசகத்தைக் கொடுத்து வைக்கும்: நான் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டால் என் சார்பில் இதை எல்லோருக்கும் சொல்லிவிடு. கருவி ஒப்புக்கொண்ட இடைவெளியைப்போல ஒன்றரை மடங்கு நேரம் மௌனமாக இருந்தால் சர்வர் அந்த உயிலைப் படித்துவிடும். எங்கள் எல்லா மழைமானிகளுக்கும் உயில் எழுதினோம். குறுஞ்செய்தியையும் மாற்றினோம். 'மழை இல்லை' என்று ஒன்று, மழையின் அளவோடு ஒன்று, 'தெரியவில்லை, நிலையம் பேசவில்லை' என்று ஒன்று. எங்களிடம் சேவை வாங்கும் ஒரு நிறுவனத்துக்கு மூன்றாவது பிடிக்கவில்லை. தெரியவில்லை என்று அனுப்பினால் விவசாயி நம்பிக்கை இழப்பார், பக்கத்து நிலையத்தை வைத்து ஏதாவது ஓர் எண் போடுங்கள் என்றார்கள். நான் மறுத்தேன். பக்கத்து நிலையத்தின் எண் பக்கத்துத் தோட்டத்துக்கானது. அந்த ஒப்பந்தம் மறுவருஷம் புதுப்பிக்கப்படவில்லை.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு அன்னூரின் உயில் வந்தது. சரவணம்பட்டியில் ஒரு சொட்டு இல்லை. வடக்கே மின்னிக்கொண்டிருந்தது. செய்தி தானாகப் போயிருக்கும், இருந்தாலும் பெரியவருக்கு ஒரு போன் போட்டேன்.

"ஏனுங்க, தூங்கிட்டீங்களா? அன்னூர் மெசின் பேசலைங்க."

"சேதி பாத்தேன் தம்பி. தோட்டத்துப் பக்கம் கேட்டுட்டேன், சரியான மழையாமா. மோட்டார நிறுத்திப்போட்டேன். நீங்க படுங்க சாமி."

காலை ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு லைன் வந்தது. கருவி இரவெல்லாம் எழுதி வைத்திருந்த வரிகள் அதனதன் நேர முத்திரையோடு ஒவ்வொன்றாக இறங்கின. 208 கவிழ்ப்பு, 41.6 மில்லிமீட்டர். அன்னூருக்கு நேராக இருந்த 4 அழிந்து 1 ஆனது.