விடுவிக்க இயலாத அமானிதம்

குன்னூரில் எங்கள் இல்லத்துக் கண்ணாடித் தொட்டியில் ஆறு மலையோடை அயிரைகளை வளர்த்து வந்தோம். கடைக்காரர்கள் ‘ஹில்ஸ்ட்ரீம் லோச்’ என்பர். மத்திய வியட்நாமின் விரைந்தோடும் ஓடைகளே இவ்வினத்தின் தாயகம். தட்டையான உடலையும் விசிறிபோல் விரிந்த துடுப்புகளையும் கொண்டு பாறையைப் பற்றிக்கொள்ளும் ஆற்றலை அல்லாஹ் அவற்றுக்கு அருளியுள்ளான்.

வேகமான நீரோட்டமும், 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியும், பாசி படர்ந்த கற்களும் அவற்றின் தேவைகள். நீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமே.

பணி மாற்றத்தால் நாங்கள் சென்னைக்குக் குடிபெயர நேர்ந்தது. அந்த வெப்பம் அவற்றுக்கு ஆகாது. “இங்கேயே ஓடையில் விட்டுவிடலாமே, வாப்பா” என்றனர் பிள்ளைகள். ஆனால் அயல்நாட்டு மீன்கள் நோயைப் பரப்பலாம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய அயிரை இனங்களின் இடத்தையும் பறிக்கலாம்.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே தேடியுண்ண விடவும் செய்யாத பெண் தண்டிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அப்பெண்ணுக்கு இரு வழிகள் இருந்தன. எங்களுக்கோ விடுவிக்கும் வழி அடைபட்டது; பேணும் வழி மட்டுமே எஞ்சியது.

ஆகவே நீரோட்ட மோட்டாருடனும், மின்தடையின்போது பேட்டரியில் இயங்கும் காற்று மோட்டாருடனும், தொட்டியைக் குன்னூரிலேயே வசிக்கும் சாச்சியிடம் ஒப்படைத்தோம். பிள்ளைகள் அழுதார்கள். ஓர் உயிரை வாங்குமுன் அதன் விலையைக் கேட்கிறோம். இறுதிவரை அதை யார் பேணுவார் என்றும் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.