வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்

சென்னை அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை ஊரில் எல்லோரும் ஜி.பி. ரோடு என்றுதான் சொல்வார்கள். சீட் கவர், ஹாரன், டயர், விளக்கு என்று வண்டிக்கு வேண்டிய எல்லாம் அங்கே வரிசையாகக் கிடைக்கும். அலாய் வீல் கடைகளின் சுவர் முழுக்கச் சக்கரங்கள் தொங்கும். வாங்க வருபவர்களின் கண் அங்கேயே நின்றுவிடும். நான் பார்க்கப் போனது அந்தச் சுவரை விட்டுத் தள்ளி, ஜாக்கியில் ஏற்றிய வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலை செய்பவர்களை. ஒரு சக்கரம் ஒரு வண்டிக்குச் சேரும், சேராது என்பதை அவர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நான் போன கடையில் அந்த முடிவைச் சொல்பவரை எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள். ஐம்பதைக் கடந்தவர். மாதவரத்தில் லாரி டயர் கடையில் தொழில் பழகியவர். "லாரியில இந்தத் தலைவலியே கிடையாது சார். ட்ரம் பிரேக்கு, வட்டமா இருக்கும். ஓட்டை சரியா உக்காந்தா முடிஞ்சுது வேலை" என்றார். காரிலும் பிக்கப்பிலும் முன்பக்கம் டிஸ்க் பிரேக். சுழலும் தட்டை ஒரு பக்கத்தில் பாக்குவெட்டிபோலக் கவ்விப் பிடிக்கும் காலிபர், தட்டின் விளிம்பைத் தாண்டி மேலேயும் வெளிப்பக்கமாகவும் துருத்திக்கொண்டு நிற்கிறது. சக்கரம் அதை உரசாமல் சுற்ற வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அன்று காலை ஏற்காட்டுப் பக்கத்திலிருந்து காப்பித் தோட்டக்காரர் ஒருவர் தன் பிக்கப்பை ஓட்டி வந்திருந்தார். வண்டியோடு வந்தது 18 அங்குலச் சக்கரம், 265/60 டயர். தோட்டத்துக் கல் பாதையில் டயரின் பக்கச் சுவர் அடிபடுகிறது. சக்கரத்தைச் சிறிதாக்கி, உயரமான பக்கச் சுவர் உள்ள டயர் போட வேண்டும் என்பது அவர் எண்ணம். கணக்கு நியாயமானதுதான். 265/60 R18 டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 775 மி.மீ., பக்கச் சுவர் 159 மி.மீ. அதே மொத்த உயரம் 265/70 R16 டயரிலும் கிடைக்கும். பக்கச் சுவர் மட்டும் 185 மி.மீட்டருக்கு மேல் போய்விடும். ஸ்பீடோமீட்டர் ஏமாற்றாது, கல்லுக்கும் பயமில்லை. "பதினாறே போட்டுடுங்க மாஸ்டர்" என்று தோட்டக்காரர் தீர்த்துச் சொன்னார்.

மாஸ்டர் சரி என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. கடையில் இருந்த 16 அங்குல ரிம் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு, ஸ்போக்கின் முதுகில் வார்த்திருந்த எழுத்துகளைக் காட்டினார். எத்தனை ஓட்டை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் எவ்வளவு என்பது பி.சி.டி. இந்த வண்டிக்கு ஆறு ஓட்டை, 139.7 மி.மீ., அதாவது ஐந்தரை அங்குலம். ஆறு ஓட்டை என்றால் எதிரெதிர் ஓட்டைகளின் நடுவை அளந்துவிடலாம். ஐந்து ஓட்டையில் எதிரே ஓட்டை இருக்காது, கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அடுத்து நடு ஓட்டை. டொயோட்டாவின் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் வண்டிகளுக்கும் ஃபோர்டின் எண்டெவருக்கும் பி.சி.டி. ஒன்றுதான். ஆனால் டொயோட்டாவின் நடு ஓட்டை 106.1 மி.மீ., ஃபோர்டினுடையது 93.1. ஃபோர்டு சக்கரம் டொயோட்டா ஹப்பில் ஏறவே ஏறாது. டொயோட்டா சக்கரம் ஃபோர்டில் ஏறும், ஆனால் இடைவெளியை நிரப்ப வளையம் போடாவிட்டால் நடுவில் உட்காராது. ஓட்டும்போது ஸ்டீயரிங் நடுங்கும்.

மூன்றாவது ஆஃப்செட். ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற எண். அந்த முகம் தெருப்பக்கமாகத் தள்ளியிருந்தால் ஆஃப்செட் கூட்டல், வண்டிப்பக்கமாக இருந்தால் கழித்தல். எண் குறையக் குறையச் சக்கரம் வண்டியை விட்டு வெளியே வரும்.

விற்பனை அட்டையில் அச்சாகியிருப்பது இவ்வளவுதான். வாங்க வருபவர்களும் இந்த எண்களைப் பார்த்துவிட்டால் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். காலிபருக்கு உள்ளே எவ்வளவு இடம் என்பதை இவற்றில் எதுவும் சொல்வதில்லை.

வெறும் ரிம்மை டயர் ஏற்றாமல் மாட்டிப் பார்த்தார்கள். உதவிக்கு இருந்த பையன் ஒடிசாக்காரன். தமிழில் எண்களை மட்டும் சுத்தமாகச் சொல்கிறான். முதலில் ஹப்பின் முகத்தில் படிந்திருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். துரு ஒரு பக்கம் தடித்திருந்தால் ரிம் சாய்ந்து உட்காரும், எடுக்கும் அளவெல்லாம் தப்பாகும். நட்டுகளை எதிரெதிராக இறுக்கினான். கையால் சும்மா தாங்கிப் பிடித்துச் சுற்றிப் பார்ப்பதை மாஸ்டர் ஒத்துக்கொள்வதில்லை. இறுக்கிய பிறகு ரிம்மைக் கையால் தள்ள, அது அரைச் சுற்றுகூடப் போகவில்லை. கரகரவென்று ஒரு சத்தம். காலிபரின் மேல்முதுகு ரிம்மின் உட்சுவரில் உரசியது.

16 அங்குலம் என்றால் 406 மி.மீ. அந்த அளவு டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில் எடுத்தது. டயரை ஏற்றி இறக்குவதற்காக ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். அந்தப் பள்ளம் உள்ளே இருந்து பார்த்தால் மேடு. மேட்டையும் உலோகத்தின் தடிமனையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் காலிபருக்கு. அந்த மேடு ரிம்மில் எந்த இடத்தில் வருகிறது என்பது ஒவ்வொரு வார்ப்புக்கும் மாறும். இந்த வண்டியின் காலிபர் சரியாக அதற்கு நேராக நின்றது.

தோட்டக்காரர் 17 அங்குலத்துக்கு இறங்கி வந்தார். 265/65 R17 டயருக்கும் மொத்த உயரம் 776 மி.மீ. சுற்றித்தான், பக்கச் சுவர் 172. சுவரில் தொங்கிய கறுப்புச் சக்கரம் ஒன்றைக் கை காட்டினார். ஸ்போக்குகள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிக் குழிந்து இறங்கும் வகை. இப்போது அதற்குத்தான் கிராக்கி. மாஸ்டர் பெட்டியிலிருந்து குழந்தைகள் விளையாடும் களிமண் கொஞ்சம் எடுத்து உருட்டிக் காலிபரின் வெளி முகத்தில் இரண்டு இடத்தில் ஒட்டினார். ரிம்மை இறுக்கி மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிக் கழற்றினார். உட்சுவர்ப் பக்கம் தாராளமாக இடம் இருந்தது. ஸ்போக் பக்கம் களிமண் காகிதமாக நசுங்கியிருந்தது.

"ஒரசலையே, அப்புறம் என்ன?" என்றார் தோட்டக்காரர்.

"அண்ணே, உங்க பேடு தேஞ்சு கெடக்கு. அதனால ஒரசல" என்றார் மாஸ்டர்.

நான் அங்கே கற்றுக்கொண்டவற்றில் முக்கியமானது இதுதான். பல வண்டிகளில் இருப்பது மிதக்கும் வகைக் காலிபர். பிஸ்டன் உட்பக்கம் மட்டும் இருக்கும். பிரேக்கை மிதித்தால் காலிபரின் உடலே நகர்ந்து வெளிப்பக்கப் பேடைத் தட்டோடு இழுத்து அழுத்தும். அந்தப் பேடு தேயத் தேய உடல் வண்டிப் பக்கமாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். தேய்ந்த பேடோடு அளந்தால் இடம் இருப்பதுபோலத் தெரியும். ஆறு மாதம் கழித்துப் புதுப் பேடு போடும் நாளில் காலிபர் தன் பழைய இடத்துக்கு வெளியே வரும். அன்றைக்கு ஸ்போக்கில் முட்டும். அதனால் மாஸ்டர் மீதமிருக்கும் பேடின் கனத்தைப் பார்த்து, தேய்ந்துபோன அளவை இடைவெளியில் கழித்துவிட்டுத்தான் பேசுகிறார்.

எவ்வளவு இடைவெளி போதும் என்று கேட்டேன். மூன்று மி.மீட்டருக்குக் கீழே அவர் எந்த வண்டியையும் அனுப்புவதில்லை. சூட்டில் உலோகம் விரியும். வளைவில் பாரம் ஏறும்போது ரிம் லேசாக வளைந்து கொடுக்கும். மலைப் பாதைக்கும் குவாரிக்கும் போகும் வண்டி என்றால் இன்னும் கூடுதலாகக் கேட்கிறார். இடுக்கில் சரளைக்கல் சிக்கினால் ரிம்மின் உட்சுவரை வட்டமாகக் கீறிவிடும். பேலன்சிங்குக்காக உள்ளே ஒட்டும் வெயிட்டுக்கும் அந்த இடைவெளியில்தான் இடம் வேண்டும். காலிபருக்கு நேராக ஒட்டிய வெயிட் முதல் சுற்றிலேயே பிய்ந்து விழும்.

ஸ்பேசர் வைத்துத் தள்ளிவிடலாமே என்று தோட்டக்காரர் விடாமல் கேட்டார். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே தட்டு ஒன்றைச் செருகினால் ஸ்போக் வெளியே நகரும் என்பது உண்மை. கூடவே நட்டு பிடிக்க வேண்டிய மரை அந்த அளவுக்குக் குறையும். பேரிங்கில் ஏறும் பாரம் மாறும். திருப்பும்போது டயர் மட்கார்டில் தொடும். "ஒரு தப்பை மறைக்க மூணு தப்பு" என்று மாஸ்டர் முடித்துக்கொண்டார்.

பிறகு அவர் எடுத்துக் கொடுத்தது வேறொரு 17 அங்குலச் சக்கரம். முதுகில் இருந்த எண்களை இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்த்தேன். விட்டம், அகலம், பி.சி.டி., ஆஃப்செட் எல்லாம் அச்சாக ஒன்றே. இதன் ஸ்போக்குகள் நடுவிலிருந்து கிளம்பியதும் தெருப்பக்கமாகப் புடைத்து எழுந்திருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். களிமண்ணில் சிறுவிரல் கனத்துக்கு இடம் மிஞ்சியது. ஸ்டீயரிங்கை இரண்டு கோடிக்கும் ஒடித்துப் பார்த்த பிறகே டயர் ஏற்றச் சொன்னார்.

சென்னை பாடியில் பிரேக் செய்யும் பிரேக்ஸ் இந்தியாவும் சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியாவும் 1960களின் தொடக்கத்திலிருந்து அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. புது வண்டி ஒன்றைத் திட்டமிடும்போதே காலிபரின் வரைபடத்தையும் ரிம்மின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். வெளிக்கடையில் சக்கரம் மாற்றுகிறவருக்கு அந்த வரைபடங்கள் கைக்கு வராது. பொறியாளர் செய்ய வேண்டிய ஒப்பீட்டை இங்கே பிரேக் தூசு படிந்த இரண்டு கைகள் ஒரு கட்டிக் களிமண்ணால் செய்கின்றன.

அந்த வேலைக்குப் பில்லில் இடமில்லை. மாட்டுக்கூலி, பேலன்சிங், அலைன்மென்ட், வால்வு என்று வரிகள் உண்டு. இரண்டு ரிம்மை மாட்டிக் கழற்றி, வேண்டாம் என்று சொன்னதற்கு எந்த வரியும் கிடையாது. தோட்டக்காரர் ஆசைப்பட்ட கறுப்புச் சக்கரத்தின் விலையும் அதிகம், கடைக்கு லாபமும் அதிகம். இணையத்தில் வாங்கிக்கொண்டு மாட்ட மட்டும் வருபவர்களிடம் சேராது என்று சொன்னால் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே யாராவது ஸ்பேசர் வைத்து மாட்டி அனுப்பிவிடுவார். சரியாகச் சொன்னவருக்குக் கூலி போயிற்று, தப்பாகச் செய்தவருக்கு வந்தது.

கடைசியாக நட்டு. கம்பெனிச் சக்கரத்தோடு வந்த தட்டை வாஷர் நட்டைப் புதுச் சக்கரத்தின் கூம்புக் குழியில் போட்டால் அது முழுசாக உட்காராது; நட்டையும் மாற்றினார்கள். நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை திரும்ப இறுக்கிப் பார்க்கும்படி மாஸ்டர் இரண்டு தடவை சொன்னார்.

சக்கரம் வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடலாம்: டயர் ஏற்றாமல் வெறும் ரிம்மை மாட்டிச் சுற்றிக் காட்டுவீர்களா? டயர் ஏறிய ரிம்மின் விளிம்பில் தடம் விழுந்துவிடும், எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. அப்படி மாட்டிக் காட்டுவதற்குத் தனியாகப் பணம் கேட்டால் தயங்காமல் கொடுக்கலாம். சேராது என்ற பதில் வந்தாலும் கொடுக்கலாம். அந்தப் பதிலைச் சொல்வதுதான் இந்தத் தொழிலில் கடினமான வேலை.