பண்ட்டி யாருடைய உடைமை?

மணவிலக்கு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்போர் இன்னும் நாட்டில் இருக்கின்றனர். அவர்கள் கையில் எப்போதும் ஒரு கேடயம் உண்டு. அதன் பெயர் குழந்தை. "பிள்ளையின் கதி என்ன ஆவது?" என்பர். அடிபட்டு வந்து நிற்கும் பெண்ணிடமும் இதையே கேட்பர். பேச்சற்று, நகையற்று, நாளெல்லாம் நெருப்பை மூடிவைத்திருக்கும் வீட்டைப் பார்த்தும் இதையே கேட்பர். கேள்வி நல்ல கேள்விதான். கேட்கும் நோக்கம் நல்லதன்று. பழைய விலங்குக்குப் புதிய பூட்டுத் தேடுகிறார்கள், வேறொன்றுமில்லை.

ஆயினும், கேட்பவரின் நோக்கம் தீயது என்பதற்காகக் கேள்வியையே தள்ளிவிடுவது பகுத்தறிவாகுமா? ஆகாது. விடை கூறும் பொறுப்பு, அந்த உரிமையை வேண்டி நின்றவர்களுக்கே மிகுதி. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு மணவிலக்கு உரிமைக்குக் குரல் கொடுத்தது. இந்தியா முழுமைக்குமான இந்து திருமணச் சட்டம் 1955இல்தான் வந்தது. கேட்டது கிடைத்தது. கிடைத்தபின், அந்த உரிமையின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் சிறுவனை யார் பார்த்தார்கள்?

ஒருவர் பார்த்தார். அவர் இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி. 'ஆப்கா பண்ட்டி' என்ற அவருடைய புதினம் 'தர்மயுக்' வார இதழில் தொடராக வந்து, 1971இல் நூலாயிற்று. 'உங்கள் பண்ட்டி' என்பது தலைப்பின் பொருள். இந்தியின் ஆதிக்கத்தை எதிர்ப்பவர்கள் நாம். இந்தியில் எழுதப்பட்ட நல்ல நூலை எதிர்ப்பவர்கள் அல்லர். ஆங்கில மொழிபெயர்ப்பில் அதைப் படித்தோம். படித்தபின் நமது வகுப்பறையை முன்போல் பார்க்க முடியவில்லை.

கதை பெரிதன்று. பண்ட்டிக்கு ஒன்பது வயதளவு. தாய் சகுன், ஒரு கல்லூரியின் முதல்வர். தந்தை அஜய் கல்கத்தாவில் இருக்கிறார். அவ்வப்போது வந்து மகனைக் கண்டு போவார். விளையாட்டுப் பொருள்கள் தருவார். வீட்டில் ஒரு தோட்டம் உண்டு. அது பண்ட்டியின் உலகம். அவனை வளர்க்கும் முதிய பணிப்பெண்ணைப் 'பூபி' என்று அழைக்கிறான். அத்தை என்று பொருள். குடும்ப நண்பரான வழக்கறிஞர் வருகிறார், பேசுகிறார், தாள்களில் கையெழுத்தாகிறது. தாய், மனைவியை இழந்த மருத்துவர் ஜோஷியை மணக்கிறாள். அவருக்கு இரு குழந்தைகள். அந்தப் புதிய வீட்டில் பண்ட்டிக்குக் கட்டில் இருக்கிறது, இடம் இல்லை. தந்தையிடம் போகிறான். அங்கே மீரா என்ற புதிய மனைவியும் ஒரு கைக்குழந்தையும். அங்கும் இடம் இல்லை. முடிவு? விடுதி! இரண்டு வீடுகள் உடைய பிள்ளைக்கு வீடே இல்லை!

இதில் யார் கொடியவர்? எண்ணிப் பாருங்கள், தோழர்களே! சகுன் கொடியவளா? இல்லை. அஜய் அரக்கனா? இல்லை. ஜோஷி நல்லவர், மீராவும் தீங்கு நினைப்பவள் அல்லள். மாற்றாந்தாய் மருந்தில் நஞ்சு கலக்கும் மலிவான கதையாக இருந்தால், அவளைச் சபித்துவிட்டு அமைதியாக உறங்கலாம். மன்னு பண்டாரி அந்த அமைதியை நமக்குத் தரவில்லை. எல்லோரும் ஓரளவு நல்லவர்களாக இருந்தும் ஒரு சிறுவன் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்கிறான். எப்படி?

விடையைச் சகுனின் நெஞ்சிலேயே வைத்திருக்கிறார் ஆசிரியர். மகன்மீது அவளுக்கு உயிர். ஆனால் அந்த அன்பின் அடியில் வேறொன்றும் இருந்தது. அஜயை வருத்த, அஜயை வரவழைக்க, அஜய்க்கு முன் தோற்காமல் நிற்க, பண்ட்டி அவளுக்கு ஒரு கருவி. கணவனோடு நடந்த போரில் மகனைப் படைக்கலமாகப் பிடித்திருந்ததை அவளே உணரும் இடம் நூலின் உச்சம். போர் முடிந்தபின் படைக்கலத்தை எங்கே வைப்பது? அதுதான் பண்ட்டியின் துன்பம்.

இன்னொன்றையும் காண்கிறோம். பண்ட்டியிடம் எவரும் எதையும் சொல்வதில்லை. கதவிடுக்கில் விழும் சொல், தாயின் முகத்தில் மாறும் நிறம், அண்டை வீட்டார் விடும் பெருமூச்சு—இவற்றைக் கூட்டித்தான் தன் வாழ்வின் செய்தியை அவன் அறிகிறான். உண்மை மறுக்கப்பட்ட பிள்ளை என்ன செய்யும்? பூபி சொன்ன அரசி, அரக்கி கதைகளைக் கொண்டு தன் தாயை விளங்கிக்கொள்ள முயல்கிறான். அறிவு புகாத இடத்தில் அச்சம் புகும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அது மக்கட் கூட்டத்துக்கு மட்டுமா பொருந்தும்? ஒரு வீட்டுக்கும் பொருந்தும். ஒன்பது வயதுக்கும் பொருந்தும்.

மேலை நாட்டிலும் இதன் உறவுக்காரி ஒருத்தி உண்டு. 1897இல் ஹென்றி ஜேம்ஸ் எழுதிய 'வாட் மேசி நியூ' என்ற புதினத்தின் சிறுமி மேசி. இலண்டனில், தாயிடம் ஆறு திங்கள், தந்தையிடம் ஆறு திங்கள் எனப் பங்கிடப்படுகிறாள். ஒருவர் மற்றவரைப் பழிக்கும் சொற்களைச் சுமந்து செல்லும் தூதாகிறாள். ஒருநாள் அச்சிறுமி ஒரு தந்திரம் கற்கிறாள்: ஒன்றும் புரியாதவள்போல் ஊமையாகிவிடுவது! மந்தபுத்தி என்று பெயர் வாங்கி, அதனால் தப்புகிறாள். அறிவுள்ள பிள்ளை அறிவிலிபோல் நடித்தால்தான் வாழ முடியும் என்றால், அந்த வீட்டுப் பெரியவர்களை என்னவென்பது?

ஆசிரியத் தொழிலுக்கு நாம் வந்து நான்கு ஆண்டுகள்தாம் ஆகின்றன. அதற்குள் ஒரு பண்ட்டியையும் ஒரு மேசியையும் கண்டுவிட்டோம். மதிப்பெண் அட்டை கொடுத்த அன்று ஒரு மாணவன் மேசையருகே வந்து, எல்லோரும் போகும்வரை காத்திருந்து, "அய்யா, யார்கிட்ட கையெழுத்து வாங்கணும்?" என்று கேட்டான். அட்டையில் 'தந்தை கையொப்பம்' என்றிருந்தது. "உன்னைப் பார்த்துக்கொள்பவர் யாரோ, அவர் கையெழுத்துப் போதும்" என்றோம். "அம்மா போடலாமா?" என்றான் மீண்டும். "போடலாம்" என்றதும் அவன் முகம் தெளிந்ததைச் சொல்லால் எழுதிக் காட்ட இயலாது. ஆசிரியர் அறையில் இதைக் கேட்ட மூத்தவர் ஒருவர், "படித்த பெண்கள் அறுத்துக்கொண்டு போனால் இதுதான் கதி" என்றார். பையனைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவருக்கு அவன் ஒரு சான்று, அவ்வளவே. பெற்றோர் அவனைப் படைக்கலம் ஆக்கினால், சனாதனம் அவனைச் சான்றுப்பொருள் ஆக்குகிறது!

தாயின் கையெழுத்து செல்லுமா என்ற கேள்வி சிறுவன் வாயில் மட்டும் பிறந்ததன்று. உச்ச நீதிமன்றம்வரை சென்ற கேள்வி அது. இந்துச் சிறுவர் காப்பாளர் சட்டம் 1956இல் வந்தது. இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் 'பின்' தாய் என்று எழுதிவைத்தது. மகனுக்காகப் பத்திரம் வாங்க முனைந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரனின் கையெழுத்தை ரிசர்வ் வங்கி ஏற்கவில்லை. அவர் வழக்காடினார். தந்தை இறந்த பின்தான் என்று அச்சொல்லுக்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. தந்தை பொறுப்பேற்று நில்லாதபோது தாயே காப்பாளராகலாம் என்று 1999இல் தீர்ப்பு வந்தது. ஒரு சிறு சொல்லை அசைக்க நாற்பத்துமூன்று ஆண்டுகள்!

ஆனால் நம் கண்ணில் அதிகம் படாத வேறொரு பிரிவு உண்டு. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பிள்ளையின் காவல், பராமரிப்பு, கல்வி பற்றி நீதிமன்றம் ஆணையிடும்போது, இயன்றவரை பிள்ளையின் விருப்பத்துக்கு இணங்கச் செய்யவேண்டும் என்கிறது. ஆம், பிள்ளையின் விருப்பம்! சட்டம் கேட்கச் சொல்கிறது, வீடு கேட்பதில்லை. பண்ட்டியை வழக்கறிஞர் கேட்டாரா? தாய் கேட்டாளா? தந்தை கேட்டாரா? அவனை எங்கே வைப்பது என்று எல்லோரும் பேசினர். நீ எங்கே இருக்க விரும்புகிறாய் என்று கேட்டு, விடைக்குக் காத்திருக்க எவருக்கும் பொழுதில்லை.

"அப்படியானால் பண்ட்டிக்காகச் சகுனும் அஜயும் சேர்ந்தே வாழ்ந்திருக்கலாமே?" என்று பழைமைவாதி துள்ளி எழுவார். நூலை முதற்பக்கத்திலிருந்து படிக்கட்டும். அவர்கள் சேர்ந்திருந்த வாழ்வின் கசப்பும் அதிலேயே இருக்கிறது. பொய்யான கூரையின்கீழ் பிள்ளையைப் பூட்டிவைப்பது அன்பாகாது. பிரிவதற்கு உரிமை உண்டு; பிரிந்தபின் மறுமணம் செய்யவும் உரிமை உண்டு. சகுனுக்கு மகிழ்ச்சியை மறுப்பவர் நம்மவர் அல்லர். ஆனால் உரிமை என்பது கடமை தீர்ந்துபோன இடமன்று. கணவனிடமிருந்து விலகலாம், மனைவியிடமிருந்து விலகலாம். பிள்ளையிடமிருந்து விலக எந்தச் சட்டமும் எவருக்கும் தாள் எழுதித் தரவில்லை.

மனைவி கணவனின் உடைமை அல்லள் என்று சொன்ன இயக்கத்தின் பிள்ளைகள் நாம். அந்த நெறியை இன்னும் ஓரடி முன்னே கொண்டு செல்வோம். குழந்தை தந்தையின் உடைமையன்று, தாயின் உடைமையுமன்று. உடைமையாக இருந்தால் பங்கிடலாம், பறிக்கலாம், வேண்டாதபோது விடுதியில் வைத்துப் பூட்டலாம். அவன் ஓர் ஆள். சிறிய ஆள், ஆயினும் முழு ஆள். சுயமரியாதைக்கு வயது வரம்பு இல்லை!

தன் நூலின் முன்னுரைக்கு மன்னு பண்டாரி 'பண்ட்டியின் சாதகம்' என்ற பொருளில் பெயரிட்டார். அந்தச் சாதகத்தில் கோள்கள் இல்லை, கட்டங்கள் இல்லை. தாம் வெவ்வேறு வீடுகளில் கண்ட பிள்ளைகளைத்தான் அதில் சொல்கிறார். பண்ட்டியின் துன்பம் ஏழாமிடத்துச் சனியால் வந்ததன்று. மனிதர் செய்ததால் வந்தது. மனிதர் செய்தது எனில், மனிதர் மாற்றவும் கூடியது. படித்துக் கண்ணீர் விட்டால் போதாது என்பதும் அவர் கருத்து.

ஆகவே இளைஞர்களே, நாளை மணம் புரியப் போகும் தோழர்களே, தோழியர்களே! இணைந்து வாழுங்கள், இயலாதெனில் இழிவின்றிப் பிரியுங்கள். பிரியும் அன்று, பிள்ளையை அருகே அமர்த்தி, நடப்பதை அவனுக்கு விளங்கும் சொல்லில் நீங்களே சொல்லுங்கள். ஒருவரைப் பற்றி ஒருவர் அவன் காதில் நஞ்சு ஊற்றாதீர்கள். அவனைத் தூது அனுப்பாதீர்கள். அவன் விருப்பத்தைக் கேளுங்கள். கேட்டபின் விடைக்குக் காத்திருங்கள். ஆசிரியராக இருப்பின், அட்டையில் 'பெற்றோர் அல்லது காப்பாளர்' என்று அச்சிடச் செய்யுங்கள். அதற்குச் செலவு ஒரு வரி மைதான்.

'உங்கள் பண்ட்டி' என்று தலைப்பிட்டார் அந்த அம்மையார். அவன் எவருக்கும் உடைமையல்லன். ஆனால் நம் ஒவ்வொருவருக்கும் பொறுப்பு.