அப்பாவின் 16.5 மி.மீ. தண்டவாளம்

லோகோ பைலட்டாக இருந்த அப்பா, ஓய்வு பெற்ற பிறகும் அதிகாலை 3 மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள், அவர் ஆன்லைனில் ஆர்டர் செய்த குட்டி ரயில் ஒன்று வீட்டுக்கு வந்து இறங்கியது. "பேரன் எடுக்கிற வயசுல பொம்மையா?" என்றார் அம்மா. விலையைப் பார்த்த நானும் அம்மா கட்சிதான்.

பொம்மை இல்லையாம். 'ஹெச்.ஓ' ஸ்கேல். நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. பேட்டரி கிடையாது, தண்டவாளம் வழியாகவே 12 வோல்ட் வரை மின்சாரம் போகும், சக்கரம் அதை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். தூசி படிந்தால் போச்சு, வண்டி நின்றுவிடும். அதனால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் தினமும் தண்டவாளத்தைத் துடைக்கிறார். (வீட்டு மிக்ஸியை ஒருநாளும் துடைத்ததில்லை என்பது அம்மாவின் உபரித் தகவல்.)

போன வாரம் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தேன். கன்ட்ரோலரை நீட்டி, "ஓட்டுறியா பாப்பா?" என்றார். திருகினேன். வளைவில் இன்ஜின் குப்புற விழுந்தது.

"வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்கணும்" என்று எடுத்து வைத்தவர், வண்டியைப் பார்த்தபடியே சொன்னார்: "நீ பொறந்தப்போ நான் ஜோலார்பேட்டை தாண்டிப் போயிட்டிருந்தேன். ரன்னிங் ரூமுக்குப் போனப்புறம்தான் சொன்னாங்க. மூணாம் நாள்தான் உன்னைப் பார்த்தேன்."

25 வருஷத்தில் இதை அவர் சொல்லிக் கேட்டதில்லை. என் பிறந்தநாள்களுக்கு அவர் வராததை மட்டும் எண்ணி வைத்திருந்தவள் நான். என்ன சொல்வதென்று தெரியாமல் மறுபடி திருகினேன். இந்த முறை மெதுவாக.

இப்போது அட்டையில் ஒரு ஸ்டேஷன் தயாராகிறது. பெயர்ப்பலகை எழுதுவது என் வேலை. அட்டை, அம்மா பத்திரமாக வைத்திருந்த மிக்ஸி பெட்டி.