அவருடைய லைசென்ஸும் 74 வயதும்

உங்கள் வீட்டில் 65 வயதை எட்டப்போகும் காரோட்டி ஒருவர் இருக்கிறாரா? அப்படியானால் வேலையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு இந்தப் பக்கத்தைப் படியுங்கள், சகோதரிகளே. ஆண்களும் படிக்கலாம். ஆனால் பாதியிலேயே கோபித்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் சாதாரணக் கார், மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமத்தை ஒருமுறை எடுத்துவிட்டால் 65 வயது வரை அதைப் பற்றிக் கவலையில்லை. 65 பிறப்பதற்குள் ஒரு டாக்டரிடம் போய், ‘இவர் வண்டியோட்டத் தகுதியானவர்’ என்று சான்று பெற வேண்டும். அதன் பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. பிறந்தநாள் தாண்டியும் சான்று போய்ச் சேரவில்லையென்றால், கையில் அட்டை இருந்தாலும் உரிமம் செல்லாது. செல்லாத உரிமத்தோடு ஓட்டினால் குற்றம். விபத்து ஏதும் நேர்ந்தால் காப்புறுதியும் கைகொடுக்காமல் போகலாம். லாரி, பஸ் போன்ற கனரக வாகனங்களுக்கு விதி வேறு, கண்டிப்பும் அதிகம். டாக்சிக்காரர்களுக்குத் தனியாகத் தொழில் உரிமம் உண்டு. அவர்களுடைய வயது வரம்பை 2012-ல் 73-லிருந்து 75-க்கு உயர்த்தினார்கள். இங்கே நான் எழுதுவது நம் வீட்டுக் காரைப் பற்றி மட்டும். எல்லைக்கு அப்பால் மலேசிய லைசென்ஸ் வைத்திருக்கும் தோட்டத்து வாசகர்கள் தங்கள் விதியை ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இதைப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள்.

என் வீட்டுக்காரர் 1974-ல் குவீன்ஸ்டவுன் சோதனை மையத்தில் தேறி லைசென்ஸ் வாங்கியவர். அப்போது போக்குவரத்துப் போலீஸின் தலைமையகம் மேக்ஸ்வெல் சாலையில் இருந்தது. 1999-ல்தான் ஊபிக்குப் போனது. லைசென்ஸ் கையில் கிடைத்த அன்று அவர் தம் சம்பளத்தில் பாதியைச் செலவழித்துச் சிரங்கூன் சாலையில் சிநேகிதர்களுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார் என்று என் மாமியார் சொல்லிச் சொல்லிக் குறைபடுவார். அந்த ஒரு அட்டைதான் அவரை மூட்டை தூக்கும் வேலையிலிருந்து வேனின் ஸ்டியரிங்குக்கு ஏற்றியது. மளிகைக் கடை வேன். விடியற்காலையில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு டன்லப் தெரு, கஃப் சாலை, பஃபலோ சாலை என்று அந்தச் சந்துகளில் எல்லாம் புகுந்து வருவார். இன்றைக்குத் தேக்கா நிலையம் என்கிறோமே, அது 1982-ல் திறந்தபோது முதல் வாரமே அங்கே சரக்கு இறக்கியவர்களில் தாமும் ஒருவர் என்பதில் அவருக்குப் பெரிய பெருமை. ஆகவே லைசென்ஸ் என்றால் அவருக்கு வெறும் அட்டையில்லை. ‘நான் யார்’ என்ற கேள்விக்கு அவர் வைத்திருக்கும் பதில் அது. இதைப் புரிந்துகொள்ளாமல் பிள்ளைகள் பேசுவதால்தான் பல வீடுகளில் சண்டை வருகிறது.

65, 68, 71 என்று மூன்று முறையும் அவர் சிரித்துக்கொண்டே போய்ச் சிரித்துக்கொண்டே வந்தார். 74-க்குப் போகும்போது நானும் கூடப் போனேன். எனக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. இரவில் எதிரே வண்டி வந்தால், “என்ன இவன் இப்படி ஹைபீம் போட்டுக்கிட்டு வர்றான்!” என்று திட்டுவார். எல்லோருமா ஹைபீம் போடுவார்கள்? தீபாவளி நேரத்தில் சிரங்கூன் சாலையில் அலங்கார விளக்கு எரியும்போது, ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வட்டம் தெரிகிறது என்று ரசித்துச் சொன்னார். அது அலங்காரமில்லை, கண்ணில் புரை என்று எனக்குப் பட்டது.

அந்தப் பரிசோதனையில் என்ன செய்கிறார்கள் என்று பலருக்குத் தெரியாது. பயந்து நடுங்குகிறார்கள். எங்கள் டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார். சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொன்னார், காது கேட்கிறதா என்று பார்த்தார், கை காலை மடக்கி நீட்டச் சொன்னார், கழுத்தை இரு பக்கமும் திருப்பச் சொன்னார். சாப்பிடும் மருந்துகளைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு நினைவாற்றலுக்குச் சில கேள்விகள். ஒரு வீட்டு எண்ணும் தெருப் பெயரும் சொல்லி, கடைசியில் அதைத் திரும்பக் கேட்பேன் என்றார். இது என்ன வருடம், இப்போது மணி என்ன இருக்கும், 20-லிருந்து 1 வரை தலைகீழாக எண்ணுங்கள்...

“டாக்டரம்மா, நாப்பது வருஷம் மளிகைக் கணக்குப் பார்த்தவன்கிட்ட இருபது வரைக்குமா எண்ணச் சொல்றீங்க?” என்றார் இவர். முகத்தில் சிரிப்பில்லை.

“எல்லாரையும்தான் ஐயா கேட்கிறேன். எண்ணுங்க,” என்றார் அவர்.

எண்ணினார். தெருப் பெயரையும் தவறாமல் சொன்னார். எழுத்து வரிசையில்தான் மாட்டிக்கொண்டார். வலக்கண் ஓரளவு பரவாயில்லை, இடக்கண் மிகவும் மோசம், இரண்டிலும் புரை. “இப்போதைக்கு நான் கையெழுத்துப் போட முடியாது ஐயா. கண்ணைச் சரிபண்ணிக்கிட்டு வாங்க, திரும்பப் பார்க்கலாம்,” என்றார் டாக்டரம்மா.

வாசக நேயர்களே, அன்று வீடு திரும்பும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறந்தநாள் வந்தது. அன்றிலிருந்து கார், மாடிக்குக் கீழே நிறுத்துமிடத்தில் அசையாமல் நின்றது. காலையில் போய் அதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருவார். மகள் தொலைபேசியில், “அப்பா, இதுதான் நல்ல நேரம். காரை வித்துடுங்களேன்,” என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. சொன்ன நேரம்தான் சரியில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடைத்தெருவில் இவருக்கு வேண்டிய ஒருவர் வந்து, “எதுக்கண்ணே கவலை? எனக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணு இருக்கு. ரொம்பக் கேள்வி கேட்காம எழுதிக் கொடுத்துடுவாங்க,” என்று காதில் ஓதினார். அது உண்மையோ பொய்யோ நானறியேன். ஆனால் என் வீட்டுக்காரர் முகத்தில் ஓர் ஆசை மின்னியதைப் பார்த்தேன். “என்னங்க, கையெழுத்து நமக்குக் கிடைச்சிடும். பஃபலோ சாலையில் காய்கறிப் பையோட குறுக்கே வர்ற கிழவிக்கு என்ன கிடைக்கும்?” என்று மட்டும் கேட்டேன். அந்தக் கிழவி நானாகவே இருக்கலாமல்லவா! வந்தவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கண் அறுவை இன்று பெரிய காரியமில்லை. பாலிகிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். ஒரு கண்ணுக்குச் செய்து, அது ஆறிய பிறகு அடுத்த கண். கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து, மங்கிய வில்லையை எடுத்துவிட்டுப் புதிய வில்லை வைக்கிறார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். செலவுக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடுவதுதான் சிரமம். அதை விட்டவள் நான், சிரமப்பட்டவர் அவர் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார்!

இப்படி ஏறக்குறைய மூன்று மாதம் கார் இல்லை. நடுவில் ஒரு கஷ்டம் என்னவென்றால், கூலாயில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு 81 வயது, படுத்த படுக்கை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இவர் கார் எடுத்துப் போய்ப் பார்த்து வருவது வழக்கம். ஒருமுறை தவறினாலும் அந்த அம்மாள் சாப்பிட மாட்டார். “பஸ்ஸில் போகலாம்” என்றேன். முதலில் முறைத்தார். பிறகு குவீன் தெருவில் 170-ஆம் எண் பஸ் ஏறினோம். பாலத்தின் இரு பக்கமும் இறங்கி ஏறி, லார்க்கினில் வேறு பஸ் பிடித்துக் கூலாய் போய்ச் சேர மதியமாகிவிட்டது. அக்கா எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தார். “காடி எங்கடா தம்பி?” என்றார். இவர், “பட்டறையில் விட்டிருக்கேன் அக்கா” என்றார். நான் குறுக்கிடவில்லை. திரும்பும்போது லார்க்கினில், “அடுத்த தடவை காலையிலே ஆறு மணி பஸ்ஸைப் பிடிச்சா கூட்டம் இருக்காது,” என்று தாமாகவே சொன்னார். அடுத்த தடவை என்றாரே, அது போதும் என்றிருந்தது எனக்கு.

ஊருக்குள்ளே கார் இல்லாமல் இருப்பதில் அவ்வளவு துன்பமில்லை என்பதையும் அந்த மூன்று மாதத்தில் கண்டோம். வடகிழக்குப் பாதை ரயில் 2003-லேயே லிட்டில் இந்தியாவுக்கு வந்துவிட்டது. 2015-ல் டௌன்டவுன் பாதையும் அங்கே வந்து சேர்ந்தது. 60 வயதான குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பஸ், ரயிலில் சலுகைக் கட்டணம் உண்டு. 2009-லிருந்து சில சந்திப்புகளில் அந்தச் சலுகை அட்டையைக் கம்பத்தில் காட்டினால், பச்சை மனிதன் சில விநாடி கூடுதலாக நிற்பான். காரில் போகும்வரை என் வீட்டுக்காரருக்கு இது தெரியாது. முதல்முறை அட்டையைக் காட்டிவிட்டுச் சாவகாசமாகக் கடந்தார். எதிரே காத்திருந்த காரோட்டியைப் பார்த்து, “இவன் அவசரத்தைப் பாரு,” என்றார்!

மற்ற நாடுகளில் எப்படி என்று பேரனிடம் விசாரித்தேன். ஜப்பானில் 75 வயதுக்கு மேல் புதுப்பிக்க நினைவுச் சோதனை கொடுக்க வேண்டும். அங்கே விரும்பியவர்கள் உரிமத்தைத் தாமாகவே திருப்பிக் கொடுக்கும் வழியை 1998-லேயே ஏற்படுத்திவிட்டார்கள். பிரிட்டனில் 70-க்கு மேல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் ‘எனக்கு உடல் நலம்தான்’ என்று தாமே எழுதிக் கொடுத்தால் போதுமாம். நம் ஊரில், அதாவது இந்தியாவில், 40 தாண்டினாலே புதுப்பிக்கும்போது டாக்டர் சான்று. 55-க்கு மேல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இவற்றையெல்லாம் பார்த்தால் சிங்கப்பூர் விதி நடுத்தரமானது. ஆனால் என்னைக் கேட்டால், 65-க்கு மூன்று ஆண்டு சரி, 74-க்கு மூன்று ஆண்டு அதிகம். அந்த வயதில் மூன்று தீபாவளிக்குள் கண்ணும் காலும் எவ்வளவோ மாறிவிடும். சட்டம் கேட்காவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை கண் பார்ப்பது என்று எங்கள் வீட்டில் ஏற்பாடு. நாள்காட்டியில் நானே குறித்துவிட்டேன்.

இன்னொரு வழியும் உண்டு. பக்கவாதம் வந்து தேறியவர்கள், ஞாபக மறதி தொடங்கியவர்கள் போன்றோருக்கு டாக்டருக்கே சந்தேகம் வந்தால், டான் டோக் செங் மருத்துவமனையில் வண்டியோட்டும் திறனைச் சோதிப்பதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் உட்கார வைத்தும் சோதிப்பார்கள், சாலையில் ஓட்டச் சொல்லியும் பார்ப்பார்கள். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் ‘முடியும்’, ‘முடியாது’ என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட, இப்படி ஒரு மூன்றாம் மனிதர் சொல்வது எவ்வளவோ மேல். அப்பாக்கள் மகள் சொல்வதைக் கேட்பதில்லை. வெள்ளைச் சட்டை போட்டவர் சொன்னால் கேட்கிறார்கள்.

இரண்டாவது கண்ணும் தெளிந்த பிறகு டாக்டரம்மாவிடம் மறுபடியும் போனோம். கடைசி வரிக்கு முந்தைய வரி வரை ஒரே மூச்சில் படித்துவிட்டு, “இன்னும் கீழே இருக்கிறதையும் படிக்கட்டுமா?” என்றார். “போதும் ஐயா,” என்று சிரித்தார் அவர். சான்று போனது, உரிமம் 77 வயது வரை நீண்டது. இப்போது இரவில் கார் எடுப்பதில்லை. மழை வந்தாலும் எடுப்பதில்லை. கூலாய்க்கு ஒருமுறை மட்டும் பகலில் காரில் போனோம், அக்கா பார்க்க வேண்டும் என்பதற்காக. அவரை நாற்காலியில் வாசல்வரை தூக்கி வந்து காட்டினார். மற்றபடி 170-தான்.

காரின் சிஓஇ அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் முடிகிறது. அதை நீட்டிப்பதா விடுவதா என்று அவர் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.