மருந்து போலி இல்லை, அவசரம் என்னுடையது

"மருந்து வைத்தும் எலி தொடவில்லை, மருந்து போலியா?" என்று போன இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் அதே கேள்வியைக் கேள்வியாகக் கேட்காமல் சண்டையாகப் போட்டவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டேன். பொதிப் பருவத்தில் ஒரு காலை வயலுக்குப் போனால், நடு வயலில் பாய் விரித்த மாதிரி தூர்கள் சாய்வாக வெட்டிக் கிடந்தன. உடனே கடைக்கு ஓடி சிங்க் பாஸ்பைடு வாங்கி வந்தேன். அன்று மாலையே பொரியில் கலந்து வளைக்கு வளை வைத்தேன். முதல் நாள் நாலைந்து எலி செத்துக் கிடந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் வைத்த பொரி வைத்தபடியே இருந்தது. வெட்டு மட்டும் நிற்கவில்லை.

நேரே கடைக்குப் போய், நாலு பேர் முன்னால், "அடுப்புச் சாம்பலை மருந்துன்னு விக்கிறீங்களாண்ணே?" என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, முதல்ல வெறும் பொரி வைக்கச் சொன்னேனே, வச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்த வருடம் ஏக்கருக்கு ஆறு மூட்டை குறைந்தது. குத்தகை அளந்தது போக வீட்டுக்கு மிஞ்சியது சாப்பாட்டு நெல் மட்டும்தான்.

என் மகள் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவளிடம் புலம்பினேன். "அப்பா, எலிக்கு மூக்கு வாசனையைப் பிடிக்கத்தான். அது நல்லதா கெட்டதான்னு முடிவு பண்றது மூளை. அங்க சுரக்கிற ரசாயனம்தான் பாடம் எழுதுது" என்றாள். அவள் சொன்னதில் எனக்கு விளங்கியவை இவை.

முகர்வதற்கென்றே சுண்டெலிக்குச் சுமார் ஆயிரம் மரபணுக்கள் உண்டு. நமக்கு வேலை செய்வது சுமார் நானூறு. ஆனால் பிறக்கும்போதே எல்லா வாசனைக்கும் அர்த்தம் தெரிந்து எலி பிறப்பதில்லை. பிறந்த முதல் பத்து நாள் வரை, குட்டியைத் தாய் நக்கும்போதெல்லாம் அதன் மூளையில் நார்அட்ரினலின் பெருகுகிறது. அந்த நேரத்தில் மூக்கில் ஏறும் வாசனை குட்டிக்குப் பிடித்த வாசனை ஆகிவிடுகிறது.

வளர்ந்த எலிக்குப் பாடம் வேறு வழியில் வருகிறது. கனடாவில் கேலஃப் என்ற ஆய்வாளர் 1980களில் இதைச் சோதித்துக் காட்டினார். ஓர் எலி எதையாவது தின்றுவிட்டு வந்தால், மற்ற எலிகள் அதன் வாயை முகர்கின்றன. எலியின் மூச்சில் கார்பன் டைசல்பைடு என்ற வாயு இருக்கிறது. அந்த வாயுவும் தீனியின் வாசனையும் சேர்ந்து ஏறினால், "இது தின்னத்தக்கது" என்று மூளை குறித்துக்கொள்கிறது. மூளையில் அசிட்டைல்கோலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டால் இந்தப் பாடம் சரியாகப் பதிவதில்லை.

ஓர் எலி செத்தால் மற்றவை உஷாராகிவிடும் என்று நாம் சொல்வோம். சோதனையில் அப்படி வரவில்லை. நோய்ப்பட்ட எலியின் வாயை முகர்ந்த எலிகளும் அந்தத் தீனியையே விரும்பித் தின்றன. உஷாராவது, கொஞ்சம் தின்று வயிறு கலங்கிப் பிழைத்த எலிதான். எலிக்கு வாந்தி வராது. அதனால் புதுத் தீனியைக் கொறித்துத்தான் பார்க்கும். கொறித்த பிறகு உடம்பு கெட்டால், மணிக்கணக்கு கழித்துக் கெட்டாலும், அந்த வாசனையையும் ருசியையும் மறக்காது. நான் முதல் நாளே மருந்தை வைத்து, பாதி எலிகளுக்கு அந்தப் பாடத்தை நானே நடத்தியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னாள். பட்டினி கிடக்கும் சுண்டெலியின் மூளையில் ஒருவகை ரசாயனம் கூடி, மூக்கு இன்னும் கூர்மையாகிறதாம். அது ஆய்வகத்தில் பார்த்தது. ஆனால் வயலெங்கும் கதிர் இருக்கும்போது என் பொரியை எலி ஏன் தேடி வரப்போகிறது என்று எனக்கு உறைத்தது.

அடுத்த சம்பாவுக்கு முறையை மாற்றினேன். கோடையிலேயே வரப்பைச் செதுக்கிச் சிறிதாக்கினேன். நட்ட பிறகு, தூர் கட்டும் முன்பே, ஒரு மாலை எல்லா வளைகளையும் மண் போட்டு அடைத்தேன். காலையில் திறந்திருந்தவை மட்டும் எலி உள்ள வளைகள். அவற்றில் மூன்று மாலை எண்ணெய் தடவிய வெறும் பொரி வைத்தேன். தின்ற எலிகளே மற்றவற்றுக்கு மூச்சில் செய்தி கொண்டு போயிருக்கும். நான்காம் மாலை அதே பொரி, அதே எண்ணெய், கூடவே மருந்து. அளவு டப்பாவில் சொன்னபடி. கையில் உறை போட்டு, வளைக்குள் தள்ளி, வாயை மூடினேன். நாயையும் கோழியையும் அந்தப் பக்கம் விடவில்லை. செத்த எலிகளை ஆழமாகப் புதைத்தேன்.

அதே மருந்தை அந்தப் பருவத்தில் இரண்டாம் முறை வைக்கவில்லை. மிஞ்சியவற்றுக்குத் தஞ்சாவூர்க் கிட்டியும், ஆந்தை உட்காரக் கழிகளும்தான். எலி முழுதாக ஒழியவில்லை. ஓரத்தில் கொஞ்சம் வெட்டியது. ஆனால் அந்த ஆறு மூட்டை திரும்பி வந்தது.

அறுவடை முடிந்ததும் கடைக்குப் போனேன். அன்று இருந்த நாலு பேர் அன்று இல்லை. இருந்தவர்கள் முன்னாலேயே, "அண்ணே, தப்பு என் பேர்ல" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க தம்பி. இந்தத் தடவை வெறும் பொரி எத்தனை நாள் வச்சீங்க?" என்றார்.