வண்டலூர் ஜங்ஷன்... கோவளம் போற வண்டி எந்த பிளாட்பாரம்?

‘கோவளத்துக்கு ஏது பாஸ் ரயில்?’னு நீங்க கேட்கிறது காதுல விழுது. கரெக்ட்தான். கடல் இருக்கு, தர்கா இருக்கு, சர்ஃபிங் இருக்கு, 2021-ல் கிடைத்த நீலக்கொடி அந்தஸ்துகூட இருக்கு. ரயில் மட்டும்தான் இல்லை. ரயில் பிடிக்கணும்னா கேளம்பாக்கம் வழியா பஸ்ஸில் தொங்கிக்கிட்டே வண்டலூரோ தாம்பரமோ போகணும்.

சரி, அவங்க போடலைன்னா நாமளே போட்டுடுவோம்! நானும் கிளாஸ்மேட் ஒருத்தனும் சேர்ந்து, 8 அடிக்கு 2 அடி பிளைவுட் பலகையில் ஒரு மாடல் ரயில் டிசைன் பண்ணிக்கிட்டு இருக்கோம். மெயின் லைனில் இருந்து வண்டலூரில் பிரிந்து கோவளம் போகும் கிளை லைன். காலம், 1960-களின் கடைசி. கேஜ், மீட்டர் கேஜ். இது கற்பனை லைன்தான்... ஆனா, கப்ஸா லைன் இல்லை!

முதல் கேள்வியே, ‘இந்த ஊருக்கு ரயில் எதுக்கு?’ சரக்கு இல்லாத ஊருக்கு எந்த ரயில் கம்பெனியும் தண்டவாளம் போடாது. நம்ம பக்கம் உப்பளம் இருக்கு, மீன் இருக்கு, தர்காவுக்கு வர்ற கூட்டம் இருக்கு. ஆக, காலி வேகன் உள்ளே வரும். உப்பு ஏறி வெளியே போகும். ஜங்ஷனோட மொத்த வடிவத்தையும் முடிவு பண்றது இந்த ஒரு வரிதான்.

பாடம் படிக்க ரொம்ப தூரம் போக வேண்டாம். செங்கல்பட்டு போதும். கொளவாய் ஏரிக் காத்து வாங்கிக்கிட்டே பிளாட்பாரத்தோட கடைசி வரைக்கும் நடங்க. ஒரு பக்கம் தாம்பரம், இன்னொரு பக்கம் விழுப்புரம், நடுவுல காஞ்சிபுரம் வழியா அரக்கோணத்துக்குப் பிரியும் கிளை லைன். இந்தக் கிளைக்கு செம ஃப்ளாஷ்பேக் உண்டு. அரக்கோணத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே 1865-ல் முதலில் போட்டது 3 அடி 6 அங்குலப் பாதை. அரக்கோணம் வழியா 1856-லேயே ஓடிக்கிட்டிருந்த மெயின் லைனோ 5 அடி 6 அங்குலம். அந்த வேகன் இதில் ஓடாது, இந்த வேகன் அதில் ஓடாது. மாத்தி ஏத்தித்தான் ஆகணும். பிறகு அது மீட்டர் கேஜ் ஆகி, செங்கல்பட்டு வரை நீண்டு, கடைசியில் அகலப்பாதை ஆச்சு. ஒரே கிளை, மூணு கேஜ்!

எங்க வண்டலூரில் மெயினும் கிளையும் ஒரே கேஜ். அதனால வேகனே நேரா மாறிப் போயிடும். மூட்டை மாத்துற ஷெட் வேண்டாம். வேகன்களை நிறுத்திவைக்க ரெண்டு சைடிங் வேணும்.

அடுத்து, பலகையில் கண்டிப்பா இருக்க வேண்டிய ஐட்டங்கள். ஒண்ணு, கிளை வண்டி நிக்க ஒரு பக்கம் முட்டும் ‘பே’ பிளாட்பாரம். ரெண்டு, அதுக்குப் பக்கத்தில் லூப் லைன். வந்து நின்ன இன்ஜின் கழண்டு, லூப் வழியா சுத்தி வந்து, மறுமுனையில் மாட்டினால்தான் கோவளம் திரும்ப முடியும். மூணு, இன்ஜினுக்குத் தண்ணி. மெயின் லைனில் அப்போ ஜப்பானில் இருந்து வந்த ஒய்.ஏ.எம்.-1 மின்சார இன்ஜின்கள் ஓடிக்கிட்டிருந்தன. எங்க கிளைக்குக் கம்பி இல்லை, நீராவிதான். மேல கம்பி எங்க முடியுதுங்கிறதும் டிசைனில் வரணும்.

நாலாவது, ரொம்ப முக்கியம். ‘ட்ராப்’ பாயின்ட். கிளை வண்டி பிரேக் பிடிக்காம சிக்னலைத் தாண்டினா, நேரா மெயின் லைன் எக்ஸ்பிரஸ் மேல போய் மோதக் கூடாது. தனியா ஒரு தண்டவாளத்துல திரும்பி மணல் மேட்டில் செருகி நிக்கணும். பொம்மை ரயிலுக்கு இது எதுக்குன்னு தோணலாம். இது இல்லாம வரைஞ்சா பார்க்க அழகா இருக்கும். ஆனா, அது ஸ்டேஷன் இல்லை. அஞ்சாவது, கைகாட்டி. ஒரே கம்பத்தில் ரெண்டு கை. உசரமா இருக்கிறது மெயினுக்கு, தாழ்வா இருக்கிறது கிளைக்கு.

இப்போ கொஞ்சம் கணக்கு. ஹெச்.ஓ. ஸ்கேல்னா 1:87. மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தா 11.5 மி.மீ. கடையில் 12 மி.மீ. தண்டவாளம் கிடைக்கும், சூப்பர்! அகலப்பாதைக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. 1,676 மி.மீ.-க்கு 19 மி.மீ.க்கு மேல வேணும், ஹெச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ.தான். 8 அடிப் பலகை, நிஜத்துல 212 மீட்டருக்குச் சமம். முழு எக்ஸ்பிரஸ் நிக்கவே இடம் இல்லை. பாயின்ட்டும் அப்படித்தான். நிஜத்தில் 1-க்கு 12 பாயின்ட் விலகுறது 5 டிகிரிக்கும் கம்மி. மாடல் பாயின்ட் பல 12 டிகிரி. அதனால பெட்டியை மூணாக் குறைச்சோம், லூப்பைச் சுருக்கினோம். ட்ராப் பாயின்ட்டில் மட்டும் கை வைக்கலை. நீளத்தை வெட்டலாம், காரணத்தை வெட்டக் கூடாது.

‘இதெல்லாம் இப்போ எதுக்குடா?’ன்னு ஹாஸ்டலில் கேட்கிறாங்க. 1931-ல் பீச்-தாம்பரம் இடையே ஆரம்பிச்ச மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004 ஜூலையோட முடிஞ்சுபோச்சு. நாங்க அதுக்கப்புறம் பிறந்த செட். அந்த யார்டுகளை இனி வரைஞ்சுதான் பார்க்கணும். இன்னொரு பக்கம், மாமல்லபுரம், புதுச்சேரி வழியா கடலூர் வரை கடற்கரையோர ரயில் வரும்னு 2000-களிலேயே அறிவிச்சாங்க. எங்க பக்கம் இன்னும் ஒரு தண்டவாளம்கூட விழலை. வந்தா, யாருக்காக வரும், எது ஏறும், எங்கே மெயின் லைனைத் தொடும்... பிளைவுட் மேல நாங்க கேட்கிற அதே கேள்விதான் அங்கேயும்!

அடுத்த தடவை செங்கல்பட்டில் வண்டி நின்னா, போனை உள்ளே வைங்க. ஜன்னல் வழியா, பிரியுற தண்டவாளத்தைப் பாருங்க. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் இருக்கும். கண்டுபிடிச்சுட்டீங்கன்னா... உங்களுக்கும் ஒரு பிளைவுட் பலகை ரெடி பண்ணிடலாம்!